அரசு ஆவணங்களில் ஆண், பெண் வேறுபாடு காட்டாத மொழி வேண்டும் என்கிறார்கள். ‘அவர்’ என்ற சொல் ஏற்கெனவே உள்ள தமிழுக்கு அது தேவைதானா?

தேவை என்பதே என் பதில். ஆனால், நீங்கள் சுட்டிக்காட்டும் ‘அவர்’ என்ற சொல்லையே காரணமாகக் கொண்டு நான் அந்த முடிவுக்கு வந்திருக்கிறேன். சென்னையில் 22 ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் படிவங்களையும் விதிமுறைகளையும் சுற்றறிக்கைகளையும் மொழிபெயர்த்து வருபவள் என்ற முறையில், அன்றாடம் கையாளும் சொற்களைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

பிற நாடுகளில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் அந்தந்த மொழியின் இலக்கணத்தோடு நடக்கும் போராட்டம். ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமைக்கு ஆண்பாலும் பெண்பாலும் தனித்தனியாக இருப்பதால், ஆண்பாலை மட்டும் எழுதிவிட்டு அதில் பெண்ணும் அடக்கம் என்று சட்டத்தில் சொல்லி வைத்தார்கள். நம் நாட்டின் 1897ஆம் ஆண்டுப் பொதுப்பிரிவுகள் சட்டத்தின் 13ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பிரிட்டிஷ் அரசு 2007இல் புதிய மசோதாக்களில் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஜெர்மன் மொழியில் தொழில் செய்பவரைக் குறிக்கும் பெயர் பெரும்பாலும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ இருப்பதால், இரண்டுக்கும் நடுவே நட்சத்திரக் குறியிட்டு எழுதும் பழக்கம் பரவியது. பவேரியா மாநிலம் 2024இல் அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அதற்குத் தடை விதித்தது. பிரான்ஸில் 2017இலேயே பிரதமரின் சுற்றறிக்கை ஒன்று அரசிதழ் ஆவணங்களில் அத்தகைய எழுத்துமுறை கூடாது என்றது.

இந்தச் சிக்கல்களில் பல தமிழுக்கு இல்லை என்பது உண்மைதான். ‘ஒருவர்’ என்னும் பெயர் இருபாலுக்கும் உரியது என்று தொல்காப்பியப் பெயரியலே சொல்லிவிட்டது. 1988 ஜனவரியில் ஜானகி ராமச்சந்திரன் பதவியேற்றபோது ‘முதலமைச்சர்’ என்ற சொல்லில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. 2007இல் பிரதீபா பாட்டீல் தேர்வானபோது ‘ராஷ்டிரபதி’யில் உள்ள ‘பதி’யை வைத்து வடக்கே பெரும் வாதம் நடந்தது, 2022இல் திரௌபதி முர்முவை ஓர் உறுப்பினர் ‘ராஷ்டிரபத்னி’ என்று குறிப்பிட்டதால் நாடாளுமன்றமே அமளியில் மூழ்கியது. ‘குடியரசுத் தலைவர்’ என்று எழுதிப் பழகிய நமக்கு அந்தத் தொல்லை ஏற்படவில்லை.

ஆனால் ‘அர்’ விகுதி உண்மையில் ஒருமைக்கு உரியதன்று; அது பலர்பாலுக்கு உரியது. ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் வந்த உயர்சொல்லே தவிர, இலக்கண முறைப்படி அமைந்த சொல்லன்று என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே, நாம் பால் வேறுபாடு இல்லாத சொல் என்று பெருமைப்படும் ‘அவர்’ உண்மையில் மரியாதைச் சொல். மரியாதை கொடுக்கும்போது ஆண், பெண் என்ற வேறுபாடு மறைகிறது. மரியாதையை விலக்கிய மறுகணமே ‘அவன்’ அல்லது ‘அவள்’ வெளிப்பட்டுவிடுகிறது. எனவே தமிழில் ஆண், பெண் வேறுபாடு காட்டாத பொதுமொழி என்பது யாருக்கு மரியாதை கொடுக்கிறோம் என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாதது.

இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு காப்பீட்டு விண்ணப்பப் படிவம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் நிறுவனத்திற்காக வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் பணி என்னிடம் வந்தது. ஆங்கிலப் படிவத்தை எழுதியவர்கள் பால் சமத்துவத்தை மனத்தில் கொண்டு, ஆண்பால் சொல்லையும் பெண்பால் சொல்லையும் சாய்கோட்டுக்கு இருபுறமும் வைத்திருந்தார்கள். தமிழில் அது ‘விண்ணப்பதாரர் இறக்கும் நிலையில் அவர்/அவள் நியமித்த வாரிசு’ என்று ஆகியிருந்தது. ஆணுக்கு ‘அவர்’, பெண்ணுக்கு ‘அவள்’. அந்தச் சாய்கோடு இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் வந்தது. சமமாக நடத்த வேண்டும் என்று மூலத்தில் செய்த ஏற்பாடே தமிழுக்கு வந்தபோது பெண்ணை ஒரு படி கீழே இறக்கிவிட்டது. எல்லா இடங்களிலும் ‘அவர்’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினேன். மூலத்தில் இரண்டு சொற்கள் இருக்கும்போது தமிழில் ஒன்றுதானே இருக்கிறது, பெண் விடுபட்டுவிட்டாளே என்று கேட்டுப் பதில் வந்தது. ‘அவர்’ என்பதில் பெண்ணும் இருக்கிறார் என்பதைத் தமிழறிந்த ஒரு பொறுப்பாளருக்கு நான் இரண்டு பக்கக் கடிதம் எழுதி விளக்க வேண்டியிருந்தது.

அந்த மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் காதுகளே அப்படிப் பழகியிருக்கின்றன. ‘ஆசிரியர் வந்தார், ஆயா வந்தாள்’ என்று ஒரே மூச்சில் சொல்பவர்களை நான் நாள்தோறும் கேட்கிறேன். ‘துப்புரவுத் தொழிலாளர்’ என்பதைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றியது நல்ல மாற்றமே. ஆனால் எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்குக் குப்பை வண்டி தள்ளி வரும் அம்மாவைப் பற்றிப் பேசும்போது, ‘அவ இன்னும் வரலையா’ என்றுதான் அவரைவிட இருபது வயது இளையவர்களும் கேட்கிறார்கள். பெயர்ச்சொல்லை அரசாணையால் திருத்திவிடலாம். வினைமுற்றின் விகுதியைத் திருத்துவதற்குப் பேசுபவரின் மனம் மாற வேண்டும். அதற்கு அரசும் ஊடகங்களும் தம் எழுத்திலாவது ஒரே விகுதியை எல்லோருக்கும் தவறாமல் பயன்படுத்திக் காட்ட வேண்டும். கைதானவர், கூலி வேலை செய்பவர், வீட்டு வேலை செய்பவர் ஆகிய அனைவருக்கும் ‘ஆர்’ விகுதி கிடைத்தால்தான் அது பொதுமொழி.

இரண்டாவது சிக்கல் இதைவிட நுட்பமானது. வடிவத்தில் பொதுவாக இருக்கும் சொல்லும் பொருளில் ஆணையே குறிக்கத் தொடங்கிவிடுகிறது. ‘மீனவர்’ என்ற சொல்லில் ஆண்பால் எங்கே இருக்கிறது? ஆனால் அரசுத் திட்டங்களில் மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம் என்று ஒன்றும், மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம் என்று மற்றொன்றும் தனித்தனியாக இருக்கின்றன. கடலுக்குச் செல்பவரே மீனவர் என்று நாம் நினைத்துவிட்டதால், காசிமேட்டில் விடியுமுன் ஏலம் எடுத்துக் கூடை சுமந்து விற்கும் பெண்களுக்குத் தனி அடைமொழி வேண்டியிருக்கிறது. ‘பெண் ஓட்டுநர்’, ‘பெண் காவலர்’, ‘பெண் கவிஞர்’ எல்லாம் இவ்வகையே. ‘ஆண் ஓட்டுநர்’ என்று யாரும் எழுதுவதில்லை.

இதனால்தான், பால் காட்டும் சொற்களையெல்லாம் நீக்கிவிட்டால் போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப அட்டையில் ‘குடும்பத் தலைவர்’ என்ற பொதுச்சொல் நெடுங்காலமாக இருந்தும், பெரும்பாலான வீடுகளில் அந்த இடத்தில் ஆணின் பெயரே இருந்தது. மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் கைக்கே போய்ச் சேர வேண்டும் என்றபோது ‘குடும்பத் தலைவி’ என்று எழுத வேண்டியிருந்தது. ஆணின் பெயர் தலைவராக இருந்தால் அவருடைய மனைவி தலைவியாகக் கருதப்படுவார் என்றும், திருமணமாகாத தனித்த பெண்கள், கைம்பெண்கள், திருநங்கையர் ஆகியோரின் தலைமையில் குடும்பம் இருந்தால் அவர்களும் தலைவியரே என்றும் விதியில் விளக்கினார்கள். அங்கே பொதுச்சொல்லை வைத்திருந்தால் பணம் வேறு கைக்குப் போயிருக்கும். பதவிக்கும் தகுதிக்கும் பொதுச்சொல்லும், இழைக்கப்பட்ட அநீதியைச் சரிசெய்யும் இடத்தில் பால் குறிக்கும் சொல்லும் வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

படிவங்களில் உடனே மாற்ற வேண்டியவை என்று எனக்குத் தோன்றுபவை இரண்டு. ஒன்று, ‘தந்தை/கணவர் பெயர்’ என்ற கட்டம். என் தாயார் தம் 41ஆம் வயதில் கணவரை இழந்தவர். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தக் கட்டத்தில் பேனாவை நிறுத்தி, எதை எழுதுவது என்று என்னைப் பார்ப்பார். ஆணின் மனைவி பெயரை எந்தக் கட்டமும் அவரது அடையாளமாகக் கேட்பதில்லை. மற்றொன்று, ‘திருமதி/செல்வி’. ஆணுக்குத் ‘திரு’ ஒன்றே போதும்போது, பெண் மட்டும் தம் திருமண நிலையை அறிவித்த பிறகே தம் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழர்கள் ‘திருவாட்டி’ என்ற அழகான சொல்லை இயல்பாக வழங்குகிறார்கள். அது நமக்கு வேண்டாமென்றால் எல்லோருக்கும் ‘திரு’வே இருக்கட்டும்.

ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடங்காதவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமை பெறாது. தொல்காப்பியம் அவர்களை உயர்திணையிலேயே வைத்தது. ஆனால் அவர்களைக் குறிக்கும் சொற்களுக்குத் தமக்கென ஈறு இல்லை, ஏனையோரின் ஈறுகளையே பெறும் என்றது. ஈறு இல்லாதவர்களுக்குக் கட்டமும் இல்லாமல் போனதை நம் காலத்தில் பார்த்தோம். திருநங்கையான பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் அவருக்குரிய பிரிவே இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2015 நவம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகே வழி பிறந்தது. 2019இல் அதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றது. சட்டத்தில் ஒரு சொல்லையும் மாற்றாமல் அதன் பொருளை மட்டும் விரித்த தீர்ப்பு அது. 2022 ஆகஸ்ட்டில், உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாக, இவர்களைக் கண்ணியத்தோடு குறிப்பதற்கான சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு அரசிதழிலேயே வெளியிட்டது. ஆணாகவோ பெண்ணாகவோ தம்மை உணராத ஒருவரைப் பற்றித் தமிழில் எழுதும்போது புதிய பிரதிப்பெயர் எதையும் உருவாக்க வேண்டியதில்லை. ‘அவர் வந்தார்’ போதும். ஆங்கிலேயர் பன்மைச் சொல்லை ஒருமைக்குக் கொண்டு வரப் படும் பாடு நமக்கு இல்லை.

இப்போது என்னிடம் வரும் ஒவ்வொரு படிவத்திலும் முதலில் பிரதிப்பெயர்களையும் வினைமுற்றுகளையும் பார்க்கிறேன்; பிறகு கட்டங்களைப் பார்க்கிறேன். ‘தந்தை/கணவர் பெயர்’ என்று இருந்தால், ‘பெற்றோர் அல்லது வாழ்க்கைத் துணையின் பெயர்’ என்று எழுதி, ஏன் அப்படி எழுதினேன் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வைக்கிறேன். பாதிப் பேர் அதை அடித்துவிட்டுப் பழையபடியே அச்சிடுகிறார்கள். அந்தக் காப்பீட்டு நிறுவனம் மட்டும், என் கடிதம் போய் மூன்று மாதங்களுக்குப் பிறகு, சாய்கோடு இல்லாத படிவத்தின் ஒரு பிரதியை எனக்கு அனுப்பி வைத்தது.