தொழிற்சாலை வெடிவிபத்து: கையெழுத்துக்கு முன் கேட்டவர்களுக்கான பதில்கள்

இருபது வருடமாகச் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், அதாவது தொழிலாளர் துறை அலுவலகத்தில், தொழிலாளர் பக்கம் நின்று இழப்பீட்டு வழக்கு நடத்துகிறேன். பதில்கள் 1923 ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தை வைத்துத்தான். 2025 நவம்பர் 21 முதல் நடந்த விபத்துகளுக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பொருந்தும். இறப்புக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், முழு ஊனத்துக்கு 60 சதவீதம் என்று கீழே நான் போடும் கணக்கு அதிலும் அப்படியே இருக்கிறது.

அம்பத்தூர்: கம்ப்ரஸர் டேங்க் வெடித்ததில் தம்பி போய்விட்டான் அக்கா. 30 வயது, சம்பளம் 24,000. ஐந்து லட்சம் தருகிறோம், பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார் மேனேஜர்.

போடாதீர்கள். காரியம்கூட முடியாத வீட்டுக்குப் பணத்தோடு வருகிறார்கள் என்றால், நீங்கள் கணக்குப் பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்தான்.

கணக்கு இதோ. இறப்புக்கு, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் (சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும் கொடுத்திருக்கும் எண்) பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள். 2020 ஜனவரியிலிருந்து இதுதான் வரம்பு. 30 வயதுக்குக் காரணி 207.98. ஆக 7,500 × 207.98, அதாவது 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் உண்டு.

இறப்பு இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் கொடுத்து முடிக்க முடியாது. இழப்பீட்டு ஆணையராக இருக்கும் தொழிலாளர் துறை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். ‘இனி எதுவும் கேட்க மாட்டோம்’ என்று எழுதி வாங்கும் பத்திரமும் செல்லாது. அதனால் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் பதற வேண்டாம். இன்னொன்று, மனு தம்பி மனைவி, பிள்ளைகள் பெயரில் போக வேண்டும். அம்மா விதவை என்றால் அவர் பெயரும் சேரும். அண்ணன் என்ற முறையில் உங்களுக்கு அதில் பங்கு கிடையாது. கெடு இரண்டு வருடம்.

திருமுடிவாக்கம்: வீட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் மேடம். சம்பளம் 16,000, இ.எஸ்.ஐ. கார்டு வரவில்லை. பாய்லர் வெடித்துக் கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டில் இருக்கிறார்.

சம்பளம் 21,000க்குள், நிறுவனமும் இ.எஸ்.ஐ.க்குள் வருகிறது என்றால் முதல் நாளிலிருந்தே அவருக்குப் பாதுகாப்பு உண்டு. வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. முதலாளி பதிவே செய்யவில்லை என்றாலும் இ.எஸ்.ஐ. கழகம் பணத்தைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். ஆனால் இ.எஸ்.ஐ. பொருந்தினால் அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. இது தெரியாமல் வருடக்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் இன்றைக்கே பார்க்க வேண்டியது ஏ.ஆர். காப்பி, அதாவது காயம் எப்படிப் பட்டது என்று ஆஸ்பத்திரி எழுதிவைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல். ஆஸ்பத்திரியில் சேர்த்தது சூப்பர்வைசர் என்றால், ‘வீட்டில் கேஸ் அடுப்பு வெடித்தது’ என்று சொல்லியிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படி இருந்தால், நடந்ததைப் போலீசில் வாக்குமூலமாகக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதோ (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தருவது) எஃப்.ஐ.ஆர். நகலோ வாங்கிவிடுங்கள். அப்புறம் சரிசெய்து கொள்ளலாம் என்று விட்டால் வழக்கே ஆட்டம் காணும்.

ஒரகடம்: நாங்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். ‘எங்கள் ரோலில் இல்லை’ என்கிறது கம்பெனி.

கம்பெனி தன் தொழிலுக்கான வேலையைத் தன் இடத்தில் கான்ட்ராக்டர் மூலம் செய்ய வைத்தால், இழப்பீட்டுக்கு அதுவே பொறுப்பு. கொடுத்ததைப் பிறகு கான்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்ளட்டும். கேட் பாஸ், சம்பளம் வந்த ஜிபே பதிவு, ஷிஃப்ட் போடும் வாட்ஸ்அப் குழு என எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விபத்துக்குப் பிறகு குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

கும்மிடிப்பூண்டி: வெல்டிங் போடும்போது பக்கத்தில் இருந்த தின்னர் டிரம் வெடித்தது. டிரம்மை நகர்த்தாதது என் தப்பு என்கிறார்கள். வலது கை மடங்கவில்லை.

வெறும் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது தம்பி. குடிபோதை, தெரிந்தே பாதுகாப்புக் கருவியைக் கழற்றுவது போன்றவைதான் தடுக்கும். இறப்போ நிரந்தர முழு ஊனமோ என்றால் அவையும் தடுக்காது.

டாக்டர் சான்றிதழில் ‘40 சதவீத ஊனம்’ என்று எழுதினால் அதோடு நிற்காதீர்கள். பார்க்க வேண்டியது சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்பது. 1975இல் உச்ச நீதிமன்றம், இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சரால் ஒற்றைக் கையோடு தச்சு வேலை செய்ய முடியாது என்று அதை முழு ஊனமாகவே ஏற்றது. உங்கள் வலது கைக்கும் அந்த வாதத்தை வைக்கலாம். முழு ஊனம் என்று ஏற்றால், இறப்புக்குப் போடும் பாதிச் சம்பளத்துக்குப் பதில் 60 சதவீதம் போட்டுக் காரணியால் பெருக்குவார்கள்.

மணலி: பக்கத்து ஃபாக்டரி வெடித்து எங்கள் ஜன்னல் நொறுங்கி, அம்மாவுக்குத் தலையில் தையல்.

அது அபாயகரமான பொருள் கையாளும் ஆலை என்றால், 1991 ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம். யார் தப்பு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் சென்னையிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் ஐந்து வருடக் கெடு.

பெரம்பூர்: போலீஸ் கேஸ் முடியட்டும் என்று காத்திருக்கலாமா?

கூடாது. அலட்சியத்தால் மரணம் என்ற வழக்கு (பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். பிரிவு 106, ஐந்து வருடம் வரை சிறை) தனி ரயில். அது வந்து சேர்வதற்குள் உங்கள் இரண்டு வருடம் ஓடிவிடும்.

எண்ணூர்: வார்டிலேயே வந்து ஒரு வக்கீல் வக்காலத்து நீட்டுகிறார். வருகிறதில் 25 சதவீதம் கேட்கிறார்.

இழப்பீட்டில் பங்கு பேசுவது வழக்கறிஞர் விதிகளுக்கே விரோதம். தொழிற்பேரழிவில் பாதிக்கப்பட்டவர், தொழிலாளி, பெண் எல்லோருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்குக் கூப்பிடுங்கள், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஏ.ஆர். காப்பியோடு நேரில் போங்கள்.