சீசன் நடுவே படுத்தும் கணுக்கால்: வாசகர் கேள்விகளுக்கு பிசியோதெரபி பதில்கள்

கேள்வி: வயது 22. மிட்ஃபீல்டில் ஆடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை, வெளிப்பக்க ஜவ்வு லேசாகக் கிழிந்திருக்கிறது என்றார்கள். பத்து நாள் ஓய்வெடுத்துவிட்டு ஆட வந்தேன். அதன்பிறகு இரண்டு முறை பிசகிவிட்டது. முதல் பாதியில் தொந்தரவில்லை. அறுபது நிமிடத்துக்கு மேல் கால் தளர்கிறது, இரவு நீர் கோத்துக்கொள்கிறது. ஞாயிறுதோறும் லீக் ஆட்டம். சீசன் முடிய இன்னும் மூன்று மாதம். மொத்தமாக நிறுத்திவிட வேண்டுமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: நிறுத்த வேண்டியதில்லை, கீழே சொல்லும் சோதனைகளில் கால் தேறினால். பத்து நாள் ஓய்வில் வலி அடங்கியது. கால் ஆட்டத்துக்குத் தயாராகவில்லை. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பெரும்பாலான கணுக்கால்கள் சீசன் முழுக்கப் படுத்துகின்றன.

அறுபது நிமிடம் என்று நீங்கள் எழுதியது முக்கியமான தகவல். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அந்த ஜவ்விலும் இருக்கின்றன. ஜவ்வு கிழியும்போது அவையும் சேதமாகும். பாதம் மடங்குவது நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிற காரியம். அதற்குப் பிறகு சுதாரித்துப் பயனில்லை. பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசைகள் இறுகியிருக்க வேண்டும். அந்தத் தசைகள் உங்களுக்கு ஒரு மணி நேரம்தான் தாங்குகின்றன. முதல் பாதி நன்றாகப் போவதும் பிறகு தளர்வதும் இதனால்தான்.

முதலில் அளந்து பாருங்கள். வெறுங்காலோடு, நல்ல கால், அடிபட்ட கால் இரண்டிலும் செய்து நோட்டில் எழுதுங்கள்.

சுவருக்கு எதிரே நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்துங்கள். கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரம்தான் அளவு. இரண்டு கால்களுக்கும் இடையே 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூட்டு இன்னும் இறுக்கமாக இருக்கிறது. அடுத்து, ஒற்றைக்காலில் நின்று முழங்காலை மடக்காமல் குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். நல்ல காலில் 25 வந்து இந்தக் காலில் 15 தான் வருகிறது என்றால், தேடிய காரணம் கிடைத்துவிட்டது. மூன்றாவது, கண்ணை மூடி ஒற்றைக்காலில் 30 நொடி. எத்தனை முறை மறு கால் தரையைத் தொட்டது என்று எண்ணுங்கள். கடைசியாக, 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, ஒற்றைக்காலில் பக்கவாட்டாக அங்கும் இங்கும் பத்து முறை வேகமாகத் தாவி நேரம் பாருங்கள். முதல் மூன்றும் செய்து வலி இல்லாவிட்டால் மட்டும் இதைச் செய்யலாம்.

எண்ணிக்கையிலும் நேரத்திலும் அடிபட்ட கால் நல்ல காலை விடப் பத்து சதவீதத்துக்கு மேல் பின்தங்கினால் முழு ஆட்டத்துக்கு இறங்காதீர்கள். பயிற்சியாளரிடம் 55 அல்லது 60 நிமிடத்தில் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். தளர்ந்த காலோடு ஆடும் கடைசி அரை மணியில்தான் மறுபடி பிசகும். அடுத்தடுத்த ஆட்டங்களில் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டலாம்.

வாரத்தை இப்படிப் பிரியுங்கள். திங்கள் சைக்கிள் 20 நிமிடம், சுவர்ப் பயிற்சி 15 முறை வீதம் மூன்று சுற்று. அதற்கு மேல் வேண்டாம். கனமான வேலை செவ்வாயும் வியாழனும். படிக்கட்டு விளிம்பில் நின்று ஒற்றைக்காலில் குதிகால் தூக்குவது 12 முறை, மூன்று சுற்று. இறக்குவதற்கு மூன்று நொடி எடுக்க வேண்டும். அவசரமாக இறக்கினால் தசைக்கு வேலையே இல்லை. 12 சுலபமானதும் முதுகுப்பையில் 5 கிலோ, பிறகு 10 கிலோ. ரப்பர் பேண்டைப் பாதத்தில் மாட்டி, முழங்கால் திரும்பாமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் தள்ளுவது 15 முறை, மூன்று சுற்று. பிறகு அடிபட்ட காலில் நின்றபடி, நண்பர் வீசும் பந்தை மறு காலின் உள்பக்கத்தால் திருப்பித் தட்டுவது 20 முறை. இறுதியாக, முன்னும் பக்கமும் தாவி அப்படியே அசையாமல் இரண்டு நொடி நிற்பது ஆறு முறை வீதம். வியாழனுக்குப் பிறகு எடை தூக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை கெண்டைக்கால் களைத்திருக்கும். வெள்ளி, சனியில் சமநிலைப் பயிற்சி ஐந்து நிமிடம் போதும்.

பயிற்சி அதிகமா குறைவா என்று மறுநாள் காலை தெரிந்துவிடும். செய்யும்போது பத்துக்கு மூன்று வரை வலி இருக்கலாம். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கும் முதல் சில அடிகளில் விறைப்போ வீக்கமோ முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால், அடுத்த பயிற்சியில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். அடியோடு நிறுத்தினால் தசை சேர்த்த பலமும் போய்விடும். ஐஸை ஈரத்துணி சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் வைப்பது வலிக்கு மட்டும்தான். ஜவ்வை அது ஆற்றாது.

ஆறேழு வாரம் ஒழுங்காகச் செய்தும் மூட்டுக்குள் ஆழமாக வலித்தால், எதுவோ சிக்குவது போலிருந்தால், எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள். கணுக்கால் மூட்டின் அடி எலும்பான டாலஸின் மேல் படிந்த குருத்தெலும்பு அடிபட்டிருந்தால் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. கணுக்காலுக்கு மேலே, இரண்டு எலும்பும் சேருமிடத்தில் வலித்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினால் கூடுகிறது என்றால் அது வேறு காயம். மேல் கணுக்கால் ஜவ்வு ஆற ஆறு முதல் எட்டு வாரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். அதை வைத்துக்கொண்டு ஆடவே கூடாது.

---

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. நேற்றுப் பள்ளி ஆட்டத்தில் கால் மடங்கி, முட்டை அளவு வீங்கியிருக்கிறது. புத்தூர் கட்டுப் போடலாம், உருவி விட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள்.
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அம்மா, முதலில் எக்ஸ்ரே வேண்டுமா என்று பார்த்துவிடுவோம். கனடாவின் ஒட்டாவா நகரில் 1990களில் வகுத்த எளிய விதி உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அடிபட்ட உடனேயும் இப்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்காலின் வெளி, உள் மொட்டு எலும்பு இரண்டிலும் நுனியையும் பின் விளிம்பில் 6 செ.மீ. உயரம் வரையும் விரலால் அழுத்துங்கள். பிறகு பாதத்தின் வெளி ஓரத்தில் சுண்டு விரலிலிருந்து பின்னுக்கு வரும் எலும்பின் புடைப்பையும், உள் ஓரத்தில் பாதக் குழிவின் உச்சியில் இருக்கும் எலும்பையும் அழுத்துங்கள். எங்காவது எலும்பிலேயே வலிக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் எக்ஸ்ரே எடுங்கள்.

14 வயதில் இன்னொரு கவனம் தேவை. வெளி எலும்பின் நுனிக்கு இரண்டு விரல் அகலம் மேலே, எலும்பு வளரும் தட்டு இன்னும் மூடியிருக்காது. பெரியவர்களுக்கு ஜவ்வு கிழியும் அடியில் இந்த வயதில் அந்தத் தட்டு பிளக்கலாம். அங்கே அழுத்தி வலித்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் எலும்பு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

உருவுவதை இந்த வாரம் யாரும் செய்ய வேண்டாம். உள்ளே கசியும் ரத்தம் கூடும், முறிவு இருந்தால் விலகும். கட்டு விஷயத்தில் பெரியவர்களின் நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் முறிவு இல்லாத கணுக்காலை மூன்று, நான்கு வாரம் அசையாமல் கட்டினால் மூட்டு இறுகி, தசை வற்றிவிடும். எக்ஸ்ரே சரி என்றால் இரண்டு நாள் பாதத்தை உயர்த்தி வைத்து, கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். மூன்றாம் நாளிலிருந்து பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். வலி தாங்கும் அளவுக்கு ஊன்றி நடக்கட்டும்.

---

கேள்வி: கல்லூரி அணிக்குப் பயிற்சியாளர். ஐந்து பேருக்குப் பழைய கணுக்கால் காயம். டேப் போட்டு விடுகிறேன், பாதி ஆட்டத்தில் கழன்றுவிடுகிறது. சரியான முறை என்ன?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கழல்வதற்கு முதல் காரணம், பாதம் தொங்கியபடி டேப் போடுவது. வீரரை மேசையில் உட்கார வைத்து, பாதம் 90 பாகையில் நிமிர்ந்து, லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அவர் நடுவில் பாதத்தைத் தொங்கவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி நிமிர்த்தச் சொல்லுங்கள்.

ரோமத்தை மழித்து, வியர்வையைத் துடைத்து, மெல்லிய நுரை உறை சுற்றிக்கொள்ளுங்கள். 38 மி.மீ. அகலமுள்ள, இழுபடாத ஜிங்க் ஆக்சைடு டேப் வேண்டும். மேல் வளையம் கணுக்காலுக்குச் சுமார் 10 செ.மீ. மேலே, கெண்டைச் சதைக்குக் கீழே. அடுத்து, அந்த வளையத்தின் உள்பக்கத்தில் தொடங்கி, குதிகாலுக்கு அடியில் போய், வெளிப்பக்கம் ஏறும் பட்டை மூன்று. ஒவ்வொன்றும் முந்தையதைப் பாதி மூட வேண்டும், வெளிப்பக்கம் ஏறும்போதுதான் இழுக்க வேண்டும். மாற்றி இழுத்தால் பாதம் மடங்குகிற திசைக்கே கொண்டுபோய் விடும். பிறகு உள்பக்கமிருந்து அடியில் போய் வெளிப்பக்கம் ஏறி, கணுக்காலின் முன்புறமாகச் சுற்றும் பட்டை இரண்டு, குதிகாலைப் பின்னாலிருந்து பூட்டும் பட்டை பக்கத்துக்கு ஒன்று, மேலே மூடும் வளையம். பாதத்தின் நடுவில் இறுக்கிச் சுற்றாதீர்கள், ஓடும்போது பாதம் விரியும். முடிந்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் ரத்தம் திரும்ப வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாணின் மேல் டேப்பில் சுருக்கம் இருந்தால் கொப்புளம் நிச்சயம், பிரித்துப் போடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஓடத் தொடங்கி 20, 30 நிமிடத்தில் டேப் தளரும். 13.7 மீட்டர் சுருளில் இரண்டு, மூன்று கணுக்காலுக்குத்தான் வரும். ஐந்து பேருக்கு வாரம் தவறாமல் வாங்குவதைவிட, லேஸ் கட்டும் கணுக்கால் பிரேஸ் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுப்பது சிக்கனம். இடைவேளையில் லேஸை இறுக்கிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. வண்ண நிற நீளும் டேப்பும் கிரேப் பேண்டேஜும் கால் மடங்குவதைத் தடுக்காது.

கூடவே ஃபிஃபாவின் 11 பிளஸ் வார்ம்-அப்பை வாரம் இரண்டு முறையாவது முழு அணிக்கும் செய்ய வையுங்கள். மூன்று பகுதி, 15 பயிற்சி, 20 நிமிடம். பந்தும் சில கூம்புகளும் போதும்.

---

கேள்வி: மாநில அணிக்குத் தேர்வாகியிருக்கிறேன். வலிக்கு ஊசி போட்டு ஆடலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.
– வாசகர், தூத்தூர்

பதில்: வேண்டாம் தம்பி. ஸ்டீராய்டு ஊசி எந்த வழியில் போட்டாலும் 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. டிரமடால் என்ற வலி மாத்திரை 2024 ஜனவரி 1 முதல். மாநில அணியில் ஆடும்போது உங்களிடம் சோதனை மாதிரி கேட்கலாம். எந்த மருந்தானாலும் அணி மருத்துவரிடம் பெயரைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மரத்துப்போகும் ஊசியில் வேறு ஆபத்து. கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் வலியோடு சேர்ந்து போய்விடும். டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் வெயிலில் வியர்த்து உடல் வறண்டிருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புண்ணாக்கும். மாத்திரை போட்டால்தான் ஓட முடிகிறது என்றால் அன்று ஆடும் நிலையில் கால் இல்லை.

நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன் கணுக்காலில் பல அறுவை சிகிச்சை செய்தும், 1993 ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்குப் பிறகு, தன் இத்தாலிய கிளப்பான ஏசி மிலானுக்காக ஆடவே முடியவில்லை. அப்போது வயது 28. 1995இல் ஓய்வை அறிவித்தார். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது.

---

கேள்வி: பிசகவே இல்லை, ஆனால் குந்தும்போதும் ஓங்கி உதைக்கும்போதும் கணுக்காலின் முன்பக்கம் கிள்ளுகிறது. 31 வயது, டிஃபெண்டர்.
– வாசகர், கோவை

பதில்: பல வருடம் பந்தை உதைத்தவர்களுக்கு மூட்டின் முன் விளிம்பில் சிறு எலும்பு முளை வருவதுண்டு. குந்தும்போது இரண்டு எலும்புக்கும் நடுவே திசு நசுங்குகிறது. பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று எடுத்தால் பெரும்பாலும் தெரியும். இந்த வலிக்கு, வலிக்க வலிக்க முன்பக்கம் மடக்கி நீட்டும் பயிற்சி செய்வதுதான் பலர் செய்யும் தவறு. நசுங்கிய இடம் இன்னும் நசுங்கும். முன்பக்கம் கிள்ளாமல் கெண்டைக்கால் மட்டும் இழுபடும் அளவோடு நிறுத்துங்கள். ஷூவுக்குள் குதிகாலுக்கு 5 முதல் 8 மி.மீ. உயரத்தில் இரண்டு காலிலும் பட்டை வையுங்கள். ஓங்கி உதைக்கும் பயிற்சியை மூன்று வாரம் பாதியாகக் குறையுங்கள். கட்டாந்தரையில் நீளமான ஸ்டட் வைத்த ஷூ போடாமல், குட்டை ரப்பர் குமிழ்கள் நிறைய உள்ள ஷூவுக்கு மாறுங்கள். சீசன் முடிந்த பிறகும் கிள்ளல் தொடர்ந்தால், துளை வழியாக அந்த முளையைச் சீவும் ஆர்த்ரோஸ்கோப்பி பற்றி எலும்பு மருத்துவரிடம் பேசலாம்.