எறும்பு, ஈ, பூச்சி வரும் படங்களில் 'நான் ஈ' தவிர உருப்படியாக ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 1974-இல் வந்த 'ஃபேஸ் ஃபோர்'. எடுத்தவர் சால் பாஸ். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ', 'சைக்கோ' படங்களுக்கு டைட்டில் காட்சி வடிவமைத்தாரே, அவரேதான். முழுநீளப் படமாக அவர் இயக்கியது இது ஒன்றுதான். ஓடவில்லை.

கதை அரிசோனா பாலைவனத்தில் நடக்கிறது. வெவ்வேறு இனத்து எறும்புகள் தங்களுக்குள் அடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டு ஒன்று சேர்கின்றன. என்னதான் திட்டம் என்று பார்க்க இரண்டு விஞ்ஞானிகள் அங்கேயே ஆய்வுக்கூடம் போட்டு உட்காருகிறார்கள். ஆனால் இவர்கள் வருவதற்கு முன்பே படம் நம்மைப் புற்றுக்குள் இறக்கிவிடும். பின்னணியில் ஒரு குரல், திரையில் வெறும் எறும்புகள். எல்லாம் நிஜ எறும்புகள். அந்தப் பகுதிகளைப் படம்பிடித்தவர் கென் மிடில்ஹாம். 1971-இல் வந்து ஆஸ்கர் வாங்கிய 'தி ஹெல்ஸ்ட்ராம் க்ரானிக்கிள்' என்ற பூச்சிப் படத்திலும் இவர் கைவண்ணம் உண்டு.

ஒரே ஒரு காட்சிக்காக இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்வேன். விஞ்ஞானிகள் மஞ்சள் நிற விஷத்தைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். எறும்புகள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. அப்புறம் ஒரு எறும்பு அந்த மஞ்சள் கட்டியில் ஒரு துணுக்கைக் கவ்விக்கொண்டு சுரங்கத்துக்குள் இழுத்துப் போகிறது. கொஞ்ச தூரம்தான், சுருண்டு விழுகிறது. பின்னால் வந்த எறும்பு அதை எடுத்துக்கொள்கிறது. அதுவும் சாகிறது. அடுத்தது எடுக்கிறது. இப்படியே துணுக்கு ராணியிடம் போய்ச் சேர, ராணி அதைத் தின்கிறது. பிறகு இடும் முட்டைகள் மஞ்சள். இனி வரும் தலைமுறையிடம் அந்த விஷத்தின் பாச்சா பலிக்காது. இத்தனைக்கும் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. நிஜத்தில் பூச்சிமருந்துக்கு எதிர்ப்புச் சக்தி இப்படி வராது. தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகள் பெருகித்தான் வரும். ஆனால் பார்க்கும்போது யாருக்கு அது உறைக்கப் போகிறது?

எறும்பை எறும்பு அளவிலேயே வைத்திருந்ததுதான் இந்தப் படத்தின் பலம். 1954-இல் வந்த 'தெம்!' நேர் எதிர். அணுகுண்டுச் சோதனைக் கதிர்வீச்சால் நியூ மெக்சிகோவில் எறும்புகள் ராட்சத உருவம் எடுத்து, கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் மழைநீர்க் கால்வாய்க்குள் போய்ப் பதுங்கும். அந்தக் காலத்துக்கு நல்ல விறுவிறுப்பு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கணக்கு உதைக்கிறது. எறும்பின் நீளம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்காகும். அதைத் தாங்கும் காலின் குறுக்குப் பரப்போ நூறு மடங்குதான். அந்த உருவத்தில் நடப்பது இருக்கட்டும், எழுந்து நிற்கவே முடியாது. மூச்சுவிடுவதும் பெரும்பாடு, ஏனென்றால் அதற்கு நுரையீரல் கிடையாது. உடம்பின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் காற்று போய்வந்தால்தான் உண்டு.

1998-இல் அடுத்தடுத்து வந்த 'ஆன்ட்ஸ்', 'எ பக்ஸ் லைஃப்' இரண்டும் குழந்தைகளோடு பார்க்கலாம். ஒரு குறை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் கதாநாயகன் ஆண் வேலைக்கார எறும்பு. அப்படி ஒரு ஜீவனே கிடையாது. புற்றில் ஓடியாடி உழைப்பது முழுக்கப் பெண்கள்தான். ஆணுக்கு இறக்கை இருக்கும், ராணியோடு கூடும், சீக்கிரமே செத்துப்போகும். அதை வைத்துக் கதை பண்ணுவது கஷ்டம்தான்!

நீங்கள் 'நான் ஈ'யை விட்டுவிடச் சொன்னாலும் எனக்கு மனசு வரவில்லை. 2012-இல் ராஜமௌலி அந்த ஈயைப் பேசவைத்திருந்தால் படம் அன்றைக்கே படுத்திருக்கும். மறுபிறவி எடுத்த காதலன்தான், ஆனாலும் வாயே திறக்காது. காலையும் தலையையும் ஆட்டியே கோபம், நக்கல் எல்லாவற்றையும் காட்டிவிடும். அந்த ஈ கிராஃபிக்ஸில் செய்தது. வில்லனாக வரும் சுதீப் ராத்திரி முழுக்கத் தூங்கமுடியாமல் அடித்துக்கொண்டு திரிந்ததெல்லாம் வெறும் காற்றோடு. பாதி ஈயை நமக்குக் காட்டுவது அவர் முகம்தான் என்பேன்.

'ஃபேஸ் ஃபோர்' பார்ப்பதாக இருந்தால் ஒரு விஷயம். பாஸ் படம்பிடித்த க்ளைமாக்ஸ் வேறு; விசித்திரமான கனவு மாதிரி நீளும் ஒரு காட்சித்தொகுப்பு. படம் வெளியாகும் முன்பே அதை வெட்டிவிட்டார்கள். 2012-இல்தான் அது மறுபடி வெளியே வந்தது. படத்தைப் பார்த்து முடித்த கையோடு அதையும் தேடிப் பாருங்கள்.