மரணக் காரணமும் மாநில வரியும்: அட்டவணையை நம்பும் முன் சில கேள்விகள்

மாநில வாரியான மரணக் காரணங்கள், வரி வருவாய் இரண்டையும் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், இதய நோய் மரணங்கள் சில மாநிலங்களில் பல மடங்கு அதிகமாக இருக்கின்றன. அங்கே சாப்பாட்டில் கோளாறா?

சாப்பாட்டுக்குப் போகும் முன், பக்கத்தில் இன்னொரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவான மரணங்களில் எத்தனைக்கு மருத்துவர் காரணம் எழுதிக் கொடுத்தார் என்பதுதான் அது. 2020இல் இந்தியா முழுக்க 22.5 சதவீதம்தான். கோவாவில் ஏறக்குறைய எல்லா மரணத்துக்கும் சான்று உண்டு. பீகாரில் பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட்டால், ஒழுங்காக எழுதி வைக்கிற மாநிலம்தான் நோயாளி மாநிலமாகத் தெரியும்.

இன்னொன்று, மரணம் நடந்த இடத்தில்தான் பதிவாகும். பெரிய மருத்துவமனைகள் உள்ள ஊரில் பக்கத்து மாநிலக்காரர்களின் மரணமும் சேர்ந்துகொள்ளும். சண்டிகர், புதுச்சேரி எண்களைப் பார்க்கும்போது இதை மறக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, எந்தச் சான்றைப் பார்த்தாலும் 'இதயத் துடிப்பு நின்றது' என்றே இருக்கிறதே?

எல்லோருக்கும் கடைசியில் அதுதான் நிற்கும்! அது காரணம் இல்லை. மருத்துவமனை தரும் படிவம் 4இல் உடனடிக் காரணம், அதற்கு முந்தையது, எல்லாவற்றுக்கும் தொடக்கமான அடிப்படைக் காரணம் என்று வரிசையாக எழுத இடம் இருக்கிறது. நீரிழிவால் சிறுநீரகம் கெட்டு ஒருவர் இறந்தால், கணக்கு நீரிழிவில் ஏற வேண்டும். மேல் வரிசையை மட்டும் நிரப்பிவிட்டு மருத்துவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டால், அது இதயக் கணக்கில் போய் விழுகிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023இல் வந்த திருத்தப்படி, மருத்துவமனைகள் காரணச் சான்றைக் கட்டணம் இல்லாமல் தந்தாக வேண்டும். சான்றுகள் கூடும், தரமும் கூடுமா என்பது எழுதுகிறவர் கையில்.

கேள்வி: வீட்டிலேயே இறந்தவர்கள் கணக்கில் வரவே மாட்டார்களா?

வருவார்கள், வேறு வழியாக. மாதிரிப் பதிவுத் திட்டத்தில் தேர்ந்தெடுத்த பகுதிகளில், களப்பணியாளர் குடும்பத்தாரிடம் கடைசி நாட்களின் அறிகுறிகளைக் கேட்டு எழுதுவார். அதை மருத்துவர்கள் படித்துக் காரணத்தைத் தீர்மானிப்பார்கள். மாநிலங்களை ஒப்பிட எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

கேள்வி: கேரளத்தின் இறப்பு விகிதம் பீகாரைவிட அதிகமாமே? நம்பவே முடியவில்லை.

உண்மைதான். 2020இல் ஆயிரம் பேருக்குக் கேரளம் 7.0, பீகார் 5.4. கேரளத்தில் முதியவர்கள் அதிகம், பீகாரில் இளையவர்கள் அதிகம், அவ்வளவே. வயதைச் சரிக்கட்டிய விகிதத்தை, அதாவது இரண்டு மாநிலத்திலும் வயது அமைப்பு ஒன்றே என்று வைத்துக் கணக்கிட்டதை, பார்க்காமல் இந்த இரண்டையும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, ஆயத்தீர்வை (மது மீதான எக்சைஸ் வரி) அட்டவணையில் தமிழ்நாடு உத்தரப் பிரதேசத்துக்கு ரொம்பக் கீழே இருக்கிறது. அப்போ டாஸ்மாக் பற்றிப் பேசுவதெல்லாம் மிகையா?

பலரும் வழுக்கி விழும் இடம் இது. மனிதர் குடிக்கும் மது ஜிஎஸ்டிக்குள் வராது. வரி போடும் உரிமை மாநிலங்களிடமே இருக்கிறது. ஆனால் எந்தப் பெயரில் வாங்குவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உத்தரப் பிரதேசம் பெரும்பாலும் ஆயத்தீர்வையாகவே வாங்குகிறது. தமிழ்நாட்டில் பெரும்பகுதி மதிப்புக்கூட்டு வரியாக வருகிறது. 2023-24இல் டாஸ்மாக் வழியாக வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய். அதில் ஆயத்தீர்வை 10,774 கோடிதான், மிச்சம் 35,081 கோடி மதிப்புக்கூட்டு வரி. அந்த மிச்சம் பெட்ரோல், டீசல் வரியோடு சேர்ந்து விற்பனை வரித் தலைப்பில் உட்கார்ந்திருக்கும். ஆயத்தீர்வைப் பத்தியை மட்டும் எடுத்துப் படம் போட்டால் தமிழ்நாடு குடிக்காத மாநிலம் ஆகிவிடும். அப்படிப்பட்ட படங்களை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: சரி, எல்லாவற்றையும் கூட்டியே எடுக்கிறேன். மது வருவாய் கூடினால் மது மரணம் கூடுகிறது என்று காட்டலாமா?

அவசரம் வேண்டாம். வரி விகிதத்தை உயர்த்தினாலும் வருவாய் கூடும். குடித்த அளவு குறைந்துகூட இருக்கலாம். விற்ற அளவை லிட்டரில் கேளுங்கள், ரூபாயில் வேண்டாம்.

மரணப் பக்கம் இன்னும் சிக்கல். கல்லீரல் நோய் என்று எழுதுவார்கள், குடியால் வந்தது என்று எழுத மாட்டார்கள், குடும்பமும் விரும்பாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி இறந்தவர் சாலை விபத்துக் கணக்கில் போவார். கள்ளச்சாராயமோ வரியே கட்டுவதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60 பேருக்கு மேல் இறந்தார்கள், வருவாய் அட்டவணையில் அதற்கு ஒரு பைசா தடயமும் இருக்காது. பீகாரில் 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு. வருவாய் போய்விட்டது, விஷச்சாராய மரணம் போகவில்லை.

கேள்வி: தற்கொலையில் தமிழ்நாடு இரண்டாம் இடம் என்பது மக்கள்தொகை அதிகம் என்பதால்தானே?

முழுக்க அப்படி இல்லை. 2022இல் 19,834 பேர். லட்சத்துக்கு 25.9, தேசிய சராசரி 12.4. விகிதத்திலும் இரு மடங்குக்கு மேல், ஆகவே சாக்கு சொல்ல இடமில்லை. பீகாரில் லட்சத்துக்கு 1கூட இல்லை. இவை காவல்துறை ஆவணங்களிலிருந்து வரும் எண்கள், காவல்துறைக்கு வராதது இதில் ஏறாது, அதனால் அவ்வளவு தாழ்ந்த எண்ணை நான் நிம்மதியாகப் படிப்பதில்லை.

கேள்வி: நாம் கட்டும் வரியில் டெல்லி எவ்வளவு திருப்பித் தருகிறது?

மத்திய அரசு மாநிலங்களோடு பங்கிட வேண்டிய வரித்தொகுப்பில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்றது 15ஆவது நிதிக்குழு, 2021-22 முதல் 2025-26 வரைக்கும். அந்த ஆண்டுகளில் அதில் தமிழ்நாட்டுக்கு 4.079, உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதம். செஸ் (குறிப்பிட்ட காரியத்துக்கென வாங்கும் கூடுதல் வரி), மேல்வரி (வரியின் மேல் போடும் வரி) இரண்டும் இந்தத் தொகுப்புக்குள் வராது. மாநிலங்களின் வருத்தம் பெரும்பாலும் அங்கேதான். 'நாம் கட்டியது' என்ற எண்ணில் மட்டும் கவனம்: நிறுவன வரி தலைமையகம் இருக்கும் இடத்தில் காட்டப்படும், தொழிற்சாலை வேறு மாநிலத்தில் இருந்தாலும்.

கேள்வி: கடைசியாக, எந்த ஆண்டை எந்த ஆண்டோடு ஒப்பிடுவது?

மரணம் ஜனவரி முதல் டிசம்பர், வரி ஏப்ரல் முதல் மார்ச். மாத வரி எண் கிடைத்தால் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒன்பது மாதம் பொருந்துகிற நிதியாண்டை எடுங்கள். பட்ஜெட் மதிப்பீட்டை எடுக்காதீர்கள், கணக்கு முடிந்த எண்ணையே எடுங்கள். ஆந்திரத்துக்கு 2014க்கு முந்தைய எண்களோடு ஒப்பிட வேண்டுமென்றால், பிந்தைய ஆண்டுகளில் பிரிந்துபோன தெலங்கானாவையும் சேர்த்துக் கூட்ட வேண்டியிருக்கும்.