விலை ஏறிவிட்டது என்று புக்கிங்கை ரத்து செய்யலாமா?

கேள்வி: இரண்டு வருடம் முன்பு, கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியில் 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஃபிளாட் புக் செய்தேன். இதுவரை 15 லட்சம் கட்டியாயிற்று. அலாட்மென்ட் கடிதம் தந்தார்கள். ஒப்பந்தம் மட்டும் ‘அப்புறம் போடலாம்’ என்று தள்ளிக்கொண்டே போனார்கள். இப்போது ஏரியாவில் விலை ஏறிவிட்டதால் இன்னும் 9 லட்சம் வேண்டுமாம். இல்லையென்றால் கட்டிய பணத்தை வட்டியில்லாமல் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் பில்டர். அந்தப் பணத்தை வைத்து இன்று எங்கே வீடு வாங்குவது?

பதில்: முதலில், அந்தப் பணத்தை வாங்கிவிடாதீர்கள். ‘கணக்குத் தீர்ந்தது’ என்று ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு ஃபிளாட்டை மீட்பது பெரும்பாடு. சொல்லாமல் உங்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால், ரத்துக்குச் சம்மதமில்லை என்று அன்றே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் தெரிவியுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13ஆவது பிரிவுப்படி, விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதற்கு முன் விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். உங்கள் ஃபிளாட்டுக்கு 6 லட்சம்தான் வரம்பு. 15 லட்சம் வாங்கிக்கொண்டு, ஒப்பந்தமே இல்லையே என்று அவர் தப்பிக்க முடியாது. தகுந்த காரணமில்லாமல் ஒருதலையாக ஒதுக்கீட்டை ரத்து செய்தால் 11(5) பிரிவின் கீழ், இந்தச் சட்டப்படி அமைந்த ரெரா ஆணையத்துக்குப் போகலாம். விலை ஏறும் என்று பயந்துதானே அன்றைக்கே பணம் கட்டினீர்கள்? அந்த ஏற்றத்தையே காரணம் காட்டி உங்களை வெளியேற்றுவதை என்னால் நியாயம் என்று ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

அலாட்மென்ட் கடிதத்தின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். ‘விலை மாறுதலுக்கு உட்பட்டது’ என்று பொடி எழுத்தில் இருந்தாலும் கலங்க வேண்டாம். வேறு வழியில்லாமல் கையெழுத்திட்ட ஒருதலையான நிபந்தனை வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று பயனியர் அர்பன் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சரி, அடுத்து என்ன? மாநில ரெரா ஆணையத்தில் 31ஆவது பிரிவின் கீழ் மனுப் போடுங்கள். பழைய விலைக்கே ஒப்பந்தம் பதிவு செய்துதர உத்தரவு கேளுங்கள். அதைவிட அவசரம், ஃபிளாட்டை வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று 36ஆவது பிரிவில் இடைக்காலத் தடை கேட்பது. மூன்றாம் ஆள் பெயருக்குக் கிரயமாகிவிட்டால் வழக்கு சிக்கலாகிவிடும்.

9 லட்சத்தை வாயால்தான் கேட்டார் என்றால், எந்த விதிப்படி கேட்கிறீர்கள் என்று இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் பதில் போட்டாலும் போடாவிட்டாலும், ரசீதுகளோடு அதையும் மனுவில் இணைத்துவிடலாம்.