முள்ளங்கியில் கறுப்புப் புழு: பி.டி. அடித்தும் சாகவில்லையே?

கேள்வி: ஓசூர் பக்கம் அரை ஏக்கரில் முள்ளங்கி போட்டிருக்கிறேன். விதைத்து மூன்று வாரம் ஆகிறது. கறுப்பு நிறப் புழு இலையைத் துளைத்துத் தின்கிறது. கை பட்டால் சுருண்டு கீழே விழுந்து செத்ததுபோல் கிடக்கிறது. முட்டைகோஸில் வரும் புழுதான் என்று சொல்லி மருந்துக்கடையில் பி.டி. என்ற பாக்டீரியா பூச்சிமருந்தைக் கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்தும் பயனில்லை.

பதில்: சுருண்டு விழுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. இது கடுகு ரம்ப ஈயின் புழு. அந்துப்பூச்சிப் புழுவே அல்ல. தேனீ, குளவி வகையறாவைச் சேர்ந்தது. காய்கறிப் புழுக்களுக்கென்று கடையில் வழக்கமாகத் தரும் பி.டி. பாக்டீரியாவின் நச்சு அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களின் குடலில்தான் வேலை செய்யும். இதற்கு எத்தனை முறை அடித்தாலும் காசுதான் போகும்.

சந்தேகம் இருந்தால் ஒரு புழுவைப் பிடித்துக் கால்களை எண்ணிப் பாருங்கள். தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி உண்மையான கால்கள் இந்த இரண்டு வகைப் புழுவுக்கும் உண்டு. அதற்குப் பின்னால் வயிற்றில் இருக்கும் சதைப்பற்றான போலிக்கால்கள்தான் அடையாளம். முட்டைகோஸ் வைரமுதுகுப் புழுவுக்கு ஐந்து ஜோடி, இதற்கு எட்டு ஜோடி. கைலென்ஸ் இருந்தால் தலையையும் பாருங்கள்: பக்கத்துக்கு ஒரே ஒரு கண்புள்ளி தெரியும். அந்துப்பூச்சிப் புழுவுக்கு அந்த இடத்தில் சின்னச் சின்னதாகப் பல புள்ளிகள் இருக்கும். உடம்பு கரும்பச்சையாகச் சுருக்கம் விழுந்து, முதுகில் ஐந்து கறுப்புக் கோடுகளோடு இருக்கும்.

தாய்ப்பூச்சி ஆரஞ்சு மஞ்சள் நிறம், புகை படிந்த மாதிரி இறக்கை. கொட்டாது. வயிற்று நுனியில் உள்ள ரம்பம் போன்ற உறுப்பால் இலை ஓரத்தைக் கீறி, உள்ளே ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். ரம்ப ஈக்களில் பல, தனக்கென்று ஒரு செடிக் குடும்பத்தை வைத்துக்கொண்டு அதை விட்டு நகராது. பெரணிச் செடியை மட்டுமே தின்று வாழும் வகைகள்கூட உண்டு! உங்கள் வயலில் இருப்பதற்குக் கடுகு, முள்ளங்கி, டர்னிப், கோஸ்.

சரி, என்ன செய்வது? புழு காலையிலும் மாலையிலும்தான் மேலே வந்து தின்னும். வெயில் ஏறினால் ஒளிந்துகொள்ளும். அதனால் நடுப்பகலில் மருந்து அடிப்பது வீண். அரை ஏக்கர்தானே, அதன் விழும் குணத்தையே பயன்படுத்துங்கள். விடியற்காலையில் அகலமான தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றிச் செடிக்கு அடியில் பிடித்து, இலையைத் தட்டிவிட்டால் பொலபொலவென்று விழும். மிச்சத்துக்கு வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம்: 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டர் ஆக்கிக் கொஞ்சம் காதி சோப்பு கலந்து, மாலையில் இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். இளம்பயிரில் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சினாலும் கீழே விழுந்த புழு மூழ்கிச் சாகும்.

கடும் ரசாயனம் வேண்டாம் என்பேன். முள்ளங்கி இன்னும் சில வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். இலையையும் கீரையாகச் சமைக்கிறார்கள். அப்படியும் கட்டுப்படாவிட்டால், தோட்டக்கலை அலுவலரிடம் புழுவைக் காட்டி, முள்ளங்கிக்கு அனுமதியுள்ள மருந்தையும், அடித்தபின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாளையும் கேட்டு அடியுங்கள்.

அறுவடை முடிந்ததும் ஓர் உழவு கட்டாயம். புழு மண்ணுக்குள் கூடு கட்டித்தான் கூட்டுப்புழுவாகும். புரட்டிப் போட்டால் வெயிலும் பறவையும் பார்த்துக்கொள்ளும். அடுத்த பட்டத்தில் கோஸ் வைத்துவிடாதீர்கள், பீன்ஸோ கேழ்வரகோ போடுங்கள்.