இணையவழிப் பள்ளிக்கு மாற்றும் முன்: கால்பந்து வீரனாக விரும்பும் மகனின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா, வணக்கம்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகன் தொழில்முறைக் கால்பந்து வீரனாவதில் உறுதியாக இருக்கிறான் என்றும், அதற்காகப் பள்ளியை விட்டு இணையவழிப் படிப்புக்கு மாறி, நாள் முழுவதும் பயிற்சிக்குப் போக அனுமதி கேட்கிறான் என்றும் டல்லாஸிலிருந்து எழுதியிருந்தீர்கள். குடும்பத்தில் இதுவரை யாரும் நடந்திராத வழி என்பதால் உங்களுக்கு வந்திருக்கும் கலக்கம் இயல்பானதே. அவன் ஆசையைத் தடுக்கச் சொல்லி நான் எழுதப்போவதில்லை. ஆனால், அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்குள் நுழையும் வழிகளில் கல்லூரியும் ஒன்று என்பதால், இப்போது அவசரப்பட்டு அந்த வழியை அடைத்துவிட வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

2004 ஜனவரியில், அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான எம்.எல்.எஸ். லீக்கின் அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுத்தபோது, முதலிடத்தில் டி.சி. யுனைடெட் அணிக்குப் போனவர் ஃபிரெடி அடூ. அவருக்கு அப்போது வயது 14. அதே நாளில் எட்டாவதாக நியூ இங்கிலாந்து ரெவல்யூஷன் அணி தேர்ந்தெடுத்த கிளின்ட் டெம்ப்சி, தென் கரோலினாவின் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் மூன்று பருவங்கள் ஆடிவிட்டு வந்த 20 வயது இளைஞர். அடூ அமெரிக்க நாட்டின் அணிக்காக 17 ஆட்டங்களில் ஆடினார். பின்னர் கண்டம் விட்டுக் கண்டம், கிளப் விட்டுக் கிளப் மாறிக்கொண்டே இருந்தார். டெம்ப்சி அதே அணிக்காக 141 ஆட்டங்களில் ஆடி 57 கோல்கள் அடித்தார். 2006, 2010, 2014 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளிலும் கோல் அடித்தார். இங்கிலாந்தில் ஃபுல்ஹாம் அணியின் முக்கிய வீரராக விளங்கினார். அடூவின் திறமையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. மீசை முளைக்காத பிள்ளையின் தோளில் ஒரு லீக்கின் விளம்பரத்தையே ஏற்றி வைத்த பெரியவர்கள் பொறுமை காத்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

டெம்ப்சியின் பெற்றோரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். கிழக்கு டெக்சஸில் உள்ள நாகடோசஸ் என்ற சிற்றூரிலிருந்து, நீங்கள் இப்போது வசிக்கும் டல்லாஸுக்கு, ஒரு வழிக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் காரோட்டி மகனைப் பயிற்சிக்கு அழைத்து வந்தவர்கள் அவர்கள். மகளின் டென்னிஸ் செலவையும் சேர்த்துச் சமாளிக்க முடியாத நிலையில் டெம்ப்சியின் கால்பந்து சில காலம் நின்றே போயிருக்கிறது. பணம் கட்டி ஆடும் கிளப்புகளின் சுமை அத்தகையது. எம்.எல்.எஸ். அணிகள் நடத்தும் அகாடமிகள் எனப்படும் இளையோர் பயிற்சி மையங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே உங்கள் மகன் இருப்பது எந்த வகைக் கிளப் என்பதை முதலில் எனக்குத் தெரிவியுங்கள்.

இப்போது இணையவழிப் பள்ளி பற்றி. கல்லூரி விளையாட்டின் உச்ச நிலையான முதல் பிரிவில் உள்ள அணியில் ஆட, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற 16 மையப் பாடங்களையும் அவற்றில் 4க்குக் குறைந்தது 2.3 சராசரியையும் கேட்கிறது. அவற்றில் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்குள் முடித்திருக்க வேண்டும். எல்லா இணையவழிப் பாடங்களையும் அந்த அமைப்பு ஏற்பதில்லை. பள்ளி மாறிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு தவிப்பதைவிட, மாறும் முன்பே அந்தப் பள்ளியின் பெயர் ஏற்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுபோலவே, எம்.எல்.எஸ்.-க்கு அடுத்த நிலை லீக்கான எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் ப்ரோவின் அணியில், சம்பளம் பெறாத அமெச்சூர் வீரனாக ஆடினால் கல்லூரி அணியில் ஆடும் தகுதி நிலைக்கும். தொழில்முறை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டால் அந்தத் தகுதியே கேள்விக்குள்ளாகும்.

உதவித்தொகையை நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அதில் சற்று நிதானம் தேவை. முதல் பிரிவில் ஓர் ஆடவர் அணிக்கு நெடுங்காலமாக 9.9 முழு உதவித்தொகைகளே அனுமதிக்கப்பட்டன. அதைத்தான் அணி முழுவதற்கும் பங்கிட்டார்கள். 2025-26 முதல், வீரர்களுக்குக் கல்லூரிகள் நேரடியாகப் பணம் தர வழிசெய்த நீதிமன்ற உடன்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு அந்த வரம்பு நீங்கி, அணிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. எத்தனை பேருக்குப் பணம் தருவது என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. நம்மவர்கள் பெரிதும் விரும்பும், ஹார்வர்டு, யேல் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்களின் குழுவான ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. சம்பளத்தைப் பொறுத்தவரை, 2025இல் எம்.எல்.எஸ். மூத்த வீரருக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 1,04,000 டாலர், பெரும்பாலும் இளையவர்களான ரிசர்வ் (மாற்று நிலை) வீரருக்கு 80,622 டாலர். நல்ல வருமானம்தான், ஆனால் நாற்பது வயது வரை ஆடுபவர்கள் மிகச் சிலரே. டெம்ப்சிக்கே 2016இல் இதயத் துடிப்பு சீராக இல்லை என்று தெரியவந்தது. மீண்டு வந்து ஆடிய அவர் 2018இல் 35 வயதில் ஓய்வு பெற்றார். உங்கள் மகனுக்கு இதயப் பரிசோதனை செய்திராவிட்டால், இந்தப் பருவம் தொடங்கும் முன் செய்துவிடுங்கள்.

ஐரோப்பாவுக்கு அனுப்புவதாக ஒருவர் சொன்னதைக் குறிப்பிட்டிருந்தீர்கள். 18 வயது நிறையாதவரை வேறு நாட்டுக் கிளப்பில் பதிவு செய்வதை ஃபிஃபா விதி சில விலக்குகளைத் தவிரத் தடுக்கிறது. அமெரிக்க வீரர் கிறிஸ்டியன் புலிசிச் 16 வயதில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணிக்குப் போக முடிந்ததற்குத் தாத்தா வழியாகக் கிடைத்த குரோஷியக் குடியுரிமை உதவியது. உங்கள் ஊர் எஃப்.சி. டல்லாஸ் அகாடமியில் வளர்ந்த வெஸ்டன் மெக்கென்னி, 18 வயதில்தான் ஜெர்மனியின் ஷால்க அணிக்குப் போனார். அமெரிக்கக் கடவுச்சீட்டு மட்டுமே உள்ள பிள்ளையை 16 வயதில் சேர்த்துவிடுவதாகச் சொல்பவரிடம், எந்த விலக்கின்கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். அது வரும்வரை முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.

பத்தாம் வகுப்பு முடிந்தபின் வரும் ஜூன் 15 முதல்தான் முதல் பிரிவுக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் அவனை நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். அவன் அவர்களுக்கு எழுத இப்போதும் தடையில்லை. அவனுடைய மதிப்பெண் பட்டியலையும், கடந்த பருவத்தில் எத்தனை நிமிடங்கள் ஆடினான் என்ற கணக்கையும் எனக்கு அனுப்புங்கள். அடுத்த முறை பேசும்போது அவனையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். பயிற்சியாளர்களுக்கு அனுப்பும் முதல் கடிதத்தை அவனே தன் சொற்களில் எழுதட்டும், நான் திருத்தித் தருகிறேன்.